ஊரே இல்லாதவனை ஊருக்குக் கூப்பிட்டவர்கள்

வெளிநாடு போனவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்புவார்களா மாட்டார்களா என்று நம்முடைய பத்திரிகைகளில் ஓயாமல் ஒரு விவாதம் நடக்கிறது. தீபாவளி மலர் வந்தால் போதும். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் தாத்தா வீட்டுத் திண்ணையையும் காவிரிப் படித்துறையையும் நினைத்து உருகுவார். இன்னொருவர், ரோடு சரியில்லை, குப்பை, பிள்ளைகள் படிப்பு என்னாவது என்று கணக்குப் போடுவார். கடைசியில் ரெண்டு பேரும் வர மாட்டார்கள். வந்தாலும் நமக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளாத ஒன்று உண்டு. திண்ணை யாருடையது? படித்துறையில் யார் இறங்கலாம்? அவர்களுக்கு அந்த இடம் அப்படியே காத்துக் கிடக்கிறது. பட்டா இருக்கிறது, பங்காளி இருக்கிறான், கோயிலில் பரிவட்டம் இருக்கிறது. அதனால்தான் 'வருவேனா மாட்டேனா' என்று சாய்ந்து உட்கார்ந்து யோசிக்க முடிகிறது.

உண்மையிலேயே லட்சக்கணக்கில் திரும்பி வந்தவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரும் இந்த விவாதத்துக்குக் கூப்பிடுவதில்லை. அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. சனங்கள் வைத்த பெயர் 'சிலோன்காரன்'. தாயகத்துக்கே திரும்பியவனை எதற்கய்யா சிலோன்காரன் என்கிறீர்கள்?

இவர்கள் எப்படிப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1843இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தது, நிலம் வரவில்லை. பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவன் போக மிச்சம் இருந்தவன் கங்காணி பின்னால் நடந்தான். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று எல்லாச் சீமையிலிருந்தும் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், அது நோயில் அழிந்த பிறகு தேயிலை. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். இதைச் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக 'தமிழர்கள் கடல் கடந்தார்கள்' என்று எழுதுகிறவன் வரலாறு எழுதவில்லை, வெள்ளையடிக்கிறான்.

லயத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கங்காணி நிலமுள்ள சாதியாகத்தான் பெரும்பாலும் இருந்தான். கூலியைப் பிடித்தான், கடனை ஏற்றினான், கடன் சீட்டான 'துண்டு'தான் ஆளைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது. தொரை வைத்த அடி தனி. ஆனாலும் ஒரு விஷயம் இருந்தது. பத்தடிக் காம்பரா எல்லோருக்கும் பத்தடிதான். செக்ரோலில் எல்லோர் பெயரும் ஒரே வரிசையில். பீலித் தண்ணியை எந்தக் குடம் முன்னால் நிற்கிறதோ அது பிடித்துக்கொண்டு போகும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வாய்க்கால் என்று அங்கே நிலத்தையே ரெண்டாக வகுந்து வைக்கவில்லை.

நான் தமிழ் படித்தவன். 'ஊர்' என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்கு ஒரே பொருள்தான். சேரி இல்லாத பகுதி. 'ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்' என்று சேரியில் இருப்பவன் இன்றைக்கும் சொல்கிறான். தான் குடியிருக்கும் இடத்தை அவன் ஊர் என்று சொல்வதில்லை, சொல்ல விட்டதுமில்லை. 1931 ஆகஸ்ட் 14 அன்று பம்பாயில் காந்தியை முகத்துக்கு நேரே பார்த்து, தனக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று அம்பேத்கர் சொன்னார். காந்திக்கு அது புரிந்ததோ இல்லையோ, சாஸ்திரிக்கும் சிறிமாவோவுக்கும் நிச்சயமாகப் புரியவில்லை.

1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று ரெண்டு பிரதமர்கள் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூட ஆட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். அந்த மேசையில் கொழுந்து கிள்ளிய கை ஒன்றுகூட இல்லை.

பங்கு போட்டவர்கள் ஒரு பதிலையும் கேட்க நேர்ந்தது. இலங்கைக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டவர்கள் கோட்டாவைத் தாண்டினார்கள். இந்தியாவுக்கு என்று மனுப் போட்டவர்கள் கோட்டாவைத் தொடவில்லை. மனுப் போட்டவர்களிலும் எத்தனை பேர் ஆசைப்பட்டுப் போட்டார்கள்? 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்து செத்தார்கள். அடுத்து 77 கலவரம், 81 கலவரம், 83. வயிறும் தீயும் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் அது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே கப்பல் ஏறாமல் இருந்தவர்கள் பல்லாயிரம் பேர். 1984இல் கப்பல் நின்றது. அவர்களையும் தன் குடிமக்களாக இலங்கை ஏற்க 2003 வரை ஆயிற்று. திரும்புவார்களா என்ற கேள்விக்கு இதைவிடப் பச்சையான பதில் வேண்டுமா? நாற்பது வருஷம் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக இருந்தாலும் இருப்போம், வர மாட்டோம் என்றார்கள்.

பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நாலு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். என் அப்பாயி அப்படி வந்தவர். மண்டபத்தில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு, புதுக்கோட்டைச் சீமையில் அவர் மாமனாருடைய அப்பா விட்டுவிட்டுப் போன கிராமத்தைத் தேடிப் போனார்கள். கண்டியில் வாங்கிய செருப்புக் காலோடு ஊர்த்தெரு வழியாக நடந்தார். அப்பாயி சொல்லும்: 'தொரை முன்னாடிகூட அப்படிக் கூசுனதில்ல சாமி. சின்னப் பய, என் மகன் வயசு இருக்கும், கழட்டி கையில எடுத்துக்கிட்டுப் போன்னான். நான் சிரிச்சுட்டேன், வெளையாட்டுக்குச் சொல்றான்னு. உங்க தாத்தா பேசாம குனிஞ்சு எடுத்துக்கிட்டாரு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நம்ம நாடு நாடுன்னு பெரியவுக சொல்லிச் சொல்லி அழுதது எதைன்னு.' டீக்கடையில் தேங்காய்ச் சிரட்டை. நூறு வருஷமாக அந்தச் சிரட்டை மட்டும் அவர்களுக்காகக் காத்திருந்தது. ஆறு மாதம் இருந்தார்கள். மறுபடியும் மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிலோன் சனம் ஏன் குவிந்தது என்று ஆய்வு செய்கிறவர்கள் சீதோஷ்ணம் ஒத்துப்போனது என்று எழுதுகிறார்கள். நல்ல சீதோஷ்ணம்!

காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். திரும்பி வருகிறவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1968இல். அதே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரு கையால் 'வா, இது உன் தாய்நாடு' என்று கூப்பிட்ட நாடு, இன்னொரு கையால் அதைச் செய்தது.

மறுவாழ்வு என்ற பெயரில் நடந்ததைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்க மட்டும் விட்டவர்களுக்கு வியாபாரக் கடன் கொடுத்தார்கள். எந்த வியாபாரம், எந்தத் தெருவில், சேரிக்காரன் விற்கும் பலகாரத்தை யார் வாங்குவான் என்று ஒரு அதிகாரியும் யோசிக்கவில்லை. தரகன் பங்கு போக மிஞ்சியதை ரெண்டு மாதம் சாப்பிட்டார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகக் கிடந்த தாயகம் திரும்பியோரை 1980களில் மீட்க வேண்டியிருந்தது. கங்காணியின் துண்டிலிருந்து தப்பி வந்து மேஸ்திரியின் முன்பணத்தில் விழுந்தார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், சொந்த ஊர் எது, பூர்வீகச் சொத்து உண்டா, காகிதம் கொண்டா என்கிறார்கள். சொத்து இருந்திருந்தால் எவன் கப்பல் ஏறியிருப்பான்? செருப்பைக் கழட்டச் சொன்னவனுக்கு எங்கள் சாதி பார்த்தவுடனே தெரிந்தது. சலுகை கேட்கும்போது மட்டும் தாசில்தாருக்குத் தெரியவில்லை.

இங்கே தமிழ்த் தேசிய நண்பர்கள் கோபப்படுவார்கள். தாய்மண், தொப்புள்கொடி என்பார்கள். ஈழத்துக்காக எங்கள் சனமும் அழுதது, ஊர்வலம் போனது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தத் தொப்புள்கொடிப் பேச்சில் மலையகத்துக் கூலிக்கு எத்தனை வரி கிடைத்தது? 'புலம்பெயர் இலக்கியம்' என்று பட்டியல் போடுகிறவர்கள் பாரீஸிலும் டொராண்டோவிலும் தொடங்குகிறார்கள். அட்டனும் பதுளையும் எந்தப் புலம்?

திரும்பி வந்த தலித் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1904 வாக்கில் தென்னாப்பிரிக்கா போய், 1921இல் திரும்பியவர். வந்து எந்தப் படித்துறையையும் நினைத்து உருகவில்லை. சட்டசபைக்குள் போய், 1924இல், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். திரும்பி வந்தவன் நடக்கவே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. அதற்குப் பின் நூறு வருஷம் ஆகப்போகும் நேரத்தில், 2022 டிசம்பரில், அதே புதுக்கோட்டையில், வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது.

இன்னும் கேவலமான ஒன்று உண்டு. ஒப்பந்தத்தின்படி கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியோர். 83 கலவரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த மலையகத்துக்காரர், அவருடைய சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், அகதி. இவர்களில் சிலர் முப்பத்தைந்து வருஷம் முகாமில் கிடந்துவிட்டு, எங்கள் முப்பாட்டன் இந்த மண்ணிலிருந்து போனவன், குடியுரிமை கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். மத்திய அரசு அவர்களைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்றது. 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனுக்களை வாங்கிப் 16 வாரத்தில் முடிவெடு என்று உத்தரவு போட்டது. அதே வருஷம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன. இலங்கை இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் வைப்பதில் நாம் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் வருவாரா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தாயகம் திரும்பியோருக்காக உண்டாக்கிய அதே நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் 2,100 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர 2022இல் அரசாணை போட்டார்கள். காட்டைத் திருத்திச் செடி வைத்தவர்களுக்கு அதில் ஒரு சென்ட் பட்டா இல்லை. வேலையில் இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய் என்ற லயத்துச் சட்டத்தையே இங்கேயும் கொண்டுவந்தார்கள். காலி செய்து எங்கே போவது? மறுபடியும் அந்த ஊர்த்தெருவுக்கா? உழைத்த நிலத்தில் பங்கு, இருக்கிற வீட்டுக்குப் பட்டா, பிள்ளைகளுக்கு அலைய விடாமல் சாதிச் சான்று, முகாமில் இருக்கும் மலையகத்தாருக்குக் குடியுரிமை. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டியவை இவை. பாக்கியைத்தான் கேட்கிறோம்.