சோம்பேறி என்று திட்டாதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் கல்லூரிப் பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். "நாளைக்கு, நாளைக்குன்னே செமஸ்டர் வந்துடுச்சு. சோம்பேறி!" சொல்கிறவர் அப்பா. ஆசிரியரும் அதையேதான் சொல்கிறார். கொடுமை என்னவென்றால், அந்தப் பையனும் ராத்திரி படுத்துக்கொண்டு தனக்குத்தானே அதையே சொல்லிக்கொள்கிறான்.

மூன்று பேர் திட்டியும் படித்தானா? இல்லை. அப்புறம் எதற்கு அதே மருந்து?

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வோல், பிச்சில், பென்னட் என்ற மூவர் 119 முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். காரணம் எளிது. தள்ளிப்போடுவதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது பயமும் அவமானமும். புத்தகத்தைத் திறந்தால் அது எழுந்து வருகிறது. மூடிவிட்டு செல்போனை எடுத்தால் கொஞ்சம் நிம்மதி. திட்டத் திட்ட அவமானம் கூடும். புத்தகம் இன்னும் தூரமாகும்.

"அப்போ செல்லம் கொடுக்கச் சொல்றீங்களா?" என்று கோபப்படாதீர்கள். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பிய விவசாயி, குறுவை போச்சே என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாரா? சம்பாவுக்கு வயலைத் தயார் செய்தார். தண்ணீர் வராதது அவர் தப்பில்லை, படிக்காதது பையன் தப்புதான். ஆனால், போன போகத்துக்கு அழுதுகொண்டே இருந்தால் அடுத்த போகமும் போகும் என்பது இருவருக்கும் பொது.

கல்லூரிகளில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' முகாம் நடத்துகிறார்கள். மூச்சைக் கவனி என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் தொடங்கியது வாரக்கணக்கில் செய்யும் பயிற்சி. ஒரு மணி நேரம், ஒரு குரூப் போட்டோ, ஒரு சான்றிதழ் என்று முடித்துவிட்டு, மறுநாளே அரியர் வைத்தவனை எழுப்பி நிற்கவைத்து மானத்தை வாங்கினால் அந்த மூச்சுப் பயிற்சி எதற்கு? தமிழ்வழியில் படித்து வந்து ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரளும் விவசாயக் கூலியின் மகளுக்கு முதலில் தேவை தியானமா, புரியும்படி சொல்லித்தர ஓர் ஆசிரியரா?

மாணவர்களே, மன்னித்துக்கொள்வது என்றால் தப்பை மறைப்பதல்ல. நேற்று படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரே ஒரு பக்கம் திறப்பது.

அப்பாக்களே, "ஏன்டா படிக்கலே?" என்று கேட்டது போதும். "எந்தப் பாடம்டா பயமா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.