குடிலுக்குக் கொட்டும் பணம் வேருக்குப் போகட்டும்

மாடியில் தோட்டம் போட ஆசைப்படுகிறவர் காதில் முதலில் விழும் யோசனை, "பசுமைக்குடில் போட்டுவிடுங்கள், பையில் வைத்த செடி வருஷம் முழுக்கக் காய்க்கும்" என்பதுதான். சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் இதை நம்பி இறங்குபவர்கள் இரும்புக் குழாய்க்கும் கூரைக்குமே கையிருப்பைத் தீர்த்துவிடுகிறார்கள். செடிக்கு மிஞ்சுவது சின்னப் பை. இந்த யோசனைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "குடிலுக்குள் வெயில் தாக்காது."

பாலித்தீன் கூரை வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். குளிர் நாட்டுக்கு அது வரம். ஓசூரிலும் நீலகிரியிலும் குடிலுக்குள் குடைமிளகாய் நன்றாக வருவதற்கு அந்த ஊர்களின் மிதமான வெயிலும் ஒரு காரணம். சித்திரை மாதத்துக் கான்கிரீட் தளத்தில் அதே கூரை செடியை வேகவைத்துவிடும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டும்.

2. "கூரை வேண்டாம் என்றால் பச்சை நிழல்வலையாவது எப்போதும் வேண்டும்."

கீரைக்கும் நாற்றுக்கும் நிழல் நல்லது. கடும் கோடையில் மற்றச் செடிகளுக்கும் சில வாரம் உதவும். ஆனால் வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் வெயில் குடிக்கும் பயிர்கள். பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் 50 சதவீத வலையை ஆடியிலும் தையிலும் கழற்றாமல் விட்டால் தண்டு வெளிறி நீளும். இலைதான் பெருகும், காய் குறையும்.

3. "வலை அடைத்தால் பூச்சி வராது."

வெள்ளை ஈயைத் தடுக்கும் அளவுக்குக் கண் நெருங்கிய வலை காற்றையும் தடுக்கும். உள்ளே புழுங்கும், சிலந்திப்பேன் பெருகும். தேனீயும் வெளியே நின்றுவிடும். பூசணி, பாகல் போன்றவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராத இடத்தில் காலையிலேயே ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் குட்டிப் பிஞ்சோடு நிற்கும் பெண்பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். தவறினால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

4. "மேலே பாதுகாப்பு இருந்தால் எந்தப் பையும் போதும்."

இதுதான் அதிகம் கெடுக்கும் நம்பிக்கை. பைச்செடிக்கு உலகமே அந்தப் பைதான். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒன்றேகால் அடி அகலமும் ஆழமும் வேண்டும். சுரைக்கும் பூசணிக்கும் அதைவிடப் பெரிய பை. சின்னப் பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு நாள் காய்ந்து மறுநாள் சொதசொதவென்று நனைந்தால் தக்காளிக்குள் கால்சியம் சரியாகப் போய்ச் சேராது; காயின் அடி கறுத்து அமுங்கும். கூரை எதுவும் இதைத் தடுக்காது. பையில் நிரப்பும் கலவை சரியில்லை என்றாலும் கூரை காப்பாற்றாது. தென்னைநார்க் கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்த பிறகே செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்க்க வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் நாற்றைக் காக்க ஒரு தற்காலிகக் கூரை நிச்சயம் உதவும். ஆனால் அது பிறகு வரவேண்டிய செலவு. முதல் பணம் பெரிய பைக்கும் நல்ல கலவைக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் போகட்டும். ஒரு பருவம் காய் பறித்துப் பார்த்தால், உங்கள் மாடிக்குக் கூரை வேண்டுமா என்பதைச் செடியே காட்டிவிடும்.