499 ரூபாய்ச் சிரிப்பு

நானும் சிரித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'இவன் மட்டும் யோக்கியனா' என்று யாரும் கேட்க வேண்டாம்.

சென்னையில் ஒரு காபிக் கடையின் மாடி. எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணி பாட்டில். ஸ்டாண்ட்-அப் காமெடியாம். யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்ததுண்டு. நேரில் இதுதான் முதல் தடவை. எங்கள் வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்த தம்பிதான் இழுத்துக்கொண்டு போனான். 'எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே இருக்கீங்க சார், ஒரு நாளாவது சிரிங்க' என்று செல்போனிலேயே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். தலைக்கு 499 ரூபாய். எங்க ஊர்க் கூத்துக்கு டிக்கெட் கிடையாது. சாக்கு விரிச்சு உக்காந்தா விடியிற வரைக்கும் சிரிக்கலாம். இங்கே ஒண்ணரை மணி நேரத்துக்கு 499. சிரிப்பின் சந்தை விலை அப்படி.

வந்தவன் இளைஞன். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுச் சிரிக்க வைக்க வந்தவனாம். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். ஆள் கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்தவன். மேனேஜரைப் பற்றிச் சொன்னான், அம்மாவைப் பற்றிச் சொன்னான், மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைப் பற்றிச் சொன்னான். சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு 'புள்ளிங்கோ' வந்தார்கள்.

மைக்கைப் பைக் ஹேண்டில் மாதிரி பிடித்துக்கொண்டான். தோளைக் கோணலாக்கினான். நெற்றியில் விழாத முடியை ஒதுக்கினான். வடசென்னைத் தமிழை வாயைக் கோணிக்கொண்டு பேசினான். செம்பட்டைக் கலர் அடித்த தலை, மூணு பேர் ஏறிய வண்டி, மாஞ்சா, கானா. மாடியே குலுங்கியது. நானும் குலுங்கினேன். பாதிச் சிரிப்பில் தொண்டை அடைத்தது.

அவன் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது என் அக்கா மகனை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது அடையாற்றங்கரையில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைச் சனங்களை அள்ளிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொட்டினார்களே, அந்தக் கூட்டத்தில் அக்கா குடும்பமும் ஒன்று. பள்ளிக்கூடம் தூரமாகிப் போனது. அக்கா வீட்டு வேலை செய்துவந்த தெருக்களும் தூரமாகிப் போயின. அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. பைக்கில் சோத்துப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தலையில் கலர் அடித்திருக்கிறான். அவன் தலை, அவன் காசு.

'புள்ளிங்கோ' என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் பாசமாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அதையே அந்த மாடியில் சொல்லும்போது அது வேறு சொல்லாகிவிடுகிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றம் என்கிறது. சாதி இந்துவின் நாக்கு புத்திசாலி நாக்கு. சட்டம் படித்த நாக்கு. பெயரைச் சொல்லாமலே சேரியைக் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. 'லோக்கல்' என்கிறது. 'ஏரியாப் பசங்க' என்கிறது. 'ஹவுசிங் போர்டு' என்கிறது. கேட்கிற எண்பது பேருக்கும் யாரென்று விளங்கிவிடுகிறது. எந்தக் காவல் நிலையத்துக்கும் விளங்காது.

அடுத்து, உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தான். இதுவும் ஒரு வித்தையாம். யார், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டு அதிலிருந்தே சிரிப்பை எடுப்பது. என் பக்கம் மைக் திரும்பியது.

'சார் என்ன பண்றீங்க?'

'பேங்க்ல கிளார்க்.'

'கவர்மென்ட் பேங்கா? அப்ப இன்னும் லஞ்ச் டைம் முடியல.'

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். இந்த அடி நியாயமான அடி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் வாங்கித்தான் ஆகவேண்டும்.

'எந்த ஊர் சார்?'

விழுப்புரம் என்றேன். விழுப்புரம் என் ஊர் இல்லை. பக்கத்து டவுன். ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவைக் கேட்பான். தெருவைச் சொன்னால் ஊரா காலனியா என்பது வெளியே வந்துவிடும். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கும் முன்பே நான் ஒளிந்துகொண்டேன். கவிதையில் கலகம் பேசுகிறவன், முப்பது வயசு தாண்டியவன், ஒரு மைக்கைக் கண்டதும் சொந்த ஊரை மறைத்தான். எழுதவே கூசுகிறது.

கடைசியில் 'கட்-ஆஃப்' கதை வந்தது. எஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் தனக்கு 200க்கு 190க்கு மேல் வந்தும் நினைத்த காலேஜ் கிடைக்கவில்லையாம். குறைவாக எடுத்தவன் அங்கே போய் உட்கார்ந்துகொண்டானாம். 'கோட்டா' என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்தினான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். சிரிப்பு தானாக வருவது, அடக்க முடியாதது. கைதட்டல் யோசித்துத் தருவது. அங்கே நகைச்சுவை முடிந்து தீர்மானம் நிறைவேறிவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். கிளையில் யார் எந்தப் பட்டியலில் வந்தவர் என்பது லாக்கர் சாவி மாதிரி பூட்டி வைக்கிற ரகசியமில்லை.

சரி, கட்-ஆஃப் பற்றியே பேசுவோம். எண்களோடு மாரடிப்பதுதானே என் பிழைப்பு. 2019இல் பாரத ஸ்டேட் வங்கி எழுத்தர் பணிக்கு நடந்த முதல்நிலைத் தேர்வு. தமிழ்நாட்டுக்கான கட்-ஆஃப்: பொதுப்பிரிவு 61.25. பிற்படுத்தப்பட்டோர் 61.25. பட்டியல் சாதி 61.25. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினர் 28.5. இன்னொரு முறை வாசியுங்கள். பட்டியல் சாதிக்காரன் பொதுப்பிரிவுக்காரனுக்குச் சமமாக எடுத்தால்தான் உள்ளே. முன்னேறிய சாதியின் 'ஏழை' அதில் பாதிகூட எடுக்க வேண்டாம். 2019 சனவரியில் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து 10 விழுக்காடு எடுத்துக் கொடுத்தார்கள். 2022 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று அதைச் செல்லும் என்றது. ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழே வருமானம் இருந்தால் 'நலிந்தவர்'. மாதம் அறுபத்தாறாயிரம் வாங்குகிற நலிந்தவர்! இதைவிடச் சிரிப்பு உண்டா? எழுத வேண்டியதே இல்லை, அரசிதழை அப்படியே வாசித்தால் போதும், மாடி இடிந்து விழும். அந்த மேடையில் அந்தச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்காலிகள் அதற்காகப் போடப்பட்டவை அல்ல.

'சும்மா ஜோக்குதானே, ஜோக்கா எடுத்துக்கோங்க' என்பார்கள். தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்பது இந்த நாட்டின் பழைய ஜோக். சங்கர் 1949இல் வரைந்த கார்ட்டூன் நினைவிருக்கிறதா? அரசியல் சட்டம் என்னும் நத்தையின் மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. அதை 2006இல் பதினோராம் வகுப்புப் பாடநூலில் போட்டார்கள். 2012இல் நாடாளுமன்றத்தில் நம்மவர்கள் எதிர்ப்புக் கிளப்பியதும் அறிவாளிகள் பலர் கருத்துச் சுதந்திரம், சகிப்புத்தன்மை என்று நமக்கு வகுப்பெடுத்தார்கள். 1932 முதல் 1956 வரை பத்திரிகைகள் அம்பேத்கரைக் கேலி செய்து வரைந்தவற்றை உன்னமதி சியாமசுந்தர் தொகுத்து 2019இல் புத்தகமாகவே வெளியிட்டார். நூற்றுக்கும் மேல். ஒரு மனிதனை இருபத்து நான்கு ஆண்டுகள் குள்ளனாகவும் அழுகுணியாகவும் வரைந்தால் அதற்குப் பெயர் ஜோக்கா?

யாருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று பார்ப்போமா? 2021 சனவரி 1 அன்று இந்தூரில் முனாவர் ஃபரூக்கியைப் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளியே வந்தார். 2025 மார்ச்சில் குணால் காம்ரா மகாராஷ்டிரத் துணை முதல்வரைக் கேலி செய்தார் என்று, நிகழ்ச்சி பதிவான மும்பை அரங்கை ஆளும் சிவசேனைக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். மேலே எறிந்த கல்லுக்குச் சிறையும் சம்மட்டியும். பெரும்பாக்கத்துப் பையன் மேல் எறிந்த கல்லுக்கு 499 ரூபாய் டிக்கெட்டும் கைதட்டலும். எந்தக் கல் யார் மேல் விழலாம் என்பதைச் சாதியும் அதிகாரமும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கின்றன.

இனி நம் பக்கம் திரும்புகிறேன். தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இதை நம் வட்டத்தில் சொன்னபோது ஒருவர் 'கேஸ் போடு' என்றார். இன்னொருவர் 'நுகர்வுக் கலாச்சாரக் குப்பை, நீ ஏன் போனே' என்றார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. கேஸ் போடுவது உரிமை. தேவைப்பட்டால் போடுவோம். ஆனால் ஜோக்குக்கு எதிராகப் போலீஸைக் கூப்பிடும் பழக்கத்தை நாம் வளர்த்தால், அந்தப் போலீஸ் முதலில் வந்து நிற்பது நம்ம வீட்டு வாசலில்தான். போகாதே என்பதோ அதைவிட மோசம். 'ஊர்த் தெருவுக்குள் வராதே' என்று அவன் சொன்னதை இப்போது நாமே சொல்லிக்கொள்வதா?

என் வருத்தம் வேறு. நம் மேடையில் சிரிப்பு எங்கே போனது? என்னைக் கவிதை வாசிக்கக் கூப்பிடுகிறவர்கள் 'உங்க வலியைச் சொல்லுங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அழுதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை குலுக்குகிறார்கள். நம் கண்ணீர் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. நாமும் அழுகைக்கு வரிசை கட்டி நிற்கிறோம். நம் கூட்டங்களில் ஒன்பது பேர் பேசினால் ஒன்பது பேரும் ஒரே குரலில் முழங்குகிறார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பிறகு செல்போனைத் திறந்து அந்த மாடிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்?

சேரி அழுதுகொண்டே கிடந்ததாக யார் சொன்னது? ஆண்டை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிற நடையை எங்க ஆயா நடந்து காட்டும். கூலி அளக்கும்போது மரக்காலுக்குள் கட்டை விரலை விடுவாரே, அதைக் காட்டும். நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம். ஆனால் வாசலில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் ஆயா ஆரம்பிக்கும். மாட்டினால் முதுகு பிய்ந்துவிடும். ஸ்டூலும் தண்ணி பாட்டிலும் இல்லாமல், உயிரைப் பணயம் வைத்து நடந்த ஸ்டாண்ட்-அப் அது. கூத்தில் கட்டியங்காரன் ராசாவையே கிண்டலடிக்கிறான். அயோத்திதாசர் 'வேஷ பிராமணர்' என்று பேர் வைத்தாரே, அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு நக்கல்! பாமா 1996இல் ஒரு சிறுகதைத் தொகுப்புக்குக் 'கிசும்புக்காரன்' என்றே பேர் வைத்தார். ராஜ் கௌதமன் 2002இல் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் தன்னையும் விடவில்லை, ஊரையும் விடவில்லை. இது நம் சொத்து. இதைக் கைவிட்டுவிட்டு ஒப்பாரியை மட்டும் வைத்துக்கொண்டது யார் குற்றம்?

1961 சனவரியில் டிக் கிரிகோரி என்ற கறுப்பர் சிகாகோவில் பிளேபாய் கிளப் மேடையில் ஏறினார். எதிரே உட்கார்ந்திருந்ததில் தென்மாநில வெள்ளை வியாபாரிகள் நிறையப் பேர். அவர்கள் நிறவெறியை அவர்கள் முகத்துக்கு நேரே வைத்து அவர்களையே சிரிக்க வைத்தார். பிறகு சிவில் உரிமைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். சிரிக்க வைத்ததால் அவர் போராளி இல்லையென்று ஆகிவிடவில்லை. இன்று பஸ்தரிலிருந்து வந்த மஞ்சித் சர்க்கார் தலித் என்று சொல்லிக்கொண்டே மைக் பிடிக்கிறார். நம் பக்கத்தில் அந்த வரிசை நீள வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் பிள்ளை கையில் மைக் வந்ததும் அந்த எண்பது நாற்காலிக்காக நம்மையே விற்றுவிடவும் கூடும். சிரித்து முடித்தபிறகு யார் தலை குனிந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்து கீழே இறங்கினேன். காபிக் கடையின் பின்வாசலில் சோத்துப் பை சுமந்த மூன்று பிள்ளைகள் பார்சலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஏசி. அவர்களுக்கு வெளியே வெக்கை. ஒருத்தன் தலை செம்பட்டை. மாடியில் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவனைப் பார்க்காமலே கடந்து போனார்கள். நானும் இரண்டடி கடந்துவிட்டுத்தான் நின்றேன். சிரித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது ஏன் என்று அங்கே புரிந்தது. படித்து, வேலைக்குப் போய், எனக்கும் அவனுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில்தான் சிரித்திருக்கிறேன்.

அக்கா மகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊரை மறைத்ததையும் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

'ஏன் மாமா, என்னப் பாத்து சிரிக்கிறதுக்கா ஐநூறு ரூவா குடுத்தே? எங்கிட்டக் குடுத்திருந்தா உன்னிய வச்சி நானே செஞ்சிருப்பேன். பேங்க்ல டோக்கன் போட்டுட்டு நிக்க வைப்பியே, அத மட்டும் அரை மணி நேரம் ஓட்டலாம்.'

ஓட்டிக் காட்டினான். என் குரலிலேயே 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்றான். நடுரோட்டில் நின்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். இந்தச் சிரிப்பில் தொண்டை அடைக்கவில்லை.

அடுத்த ஏப்ரல் 14 கூட்டம் போடும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சாளர் பட்டியலில் ஒருவரைக் குறையுங்கள். வேண்டுமானால் என் கவிதையைக் குறையுங்கள். அந்த அரை மணி நேரத்தையும் மைக்கையும் இந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தலையில் என்ன கலர் என்று கேட்காதீர்கள். நம்மையும் விடாமல் கலாய்ப்பார்கள், முன்வரிசையில் உட்கார்ந்து தாங்கிக்கொள்வோம். பிறகு அவர்கள் ஆண்டைகள் பக்கம் திரும்புவார்கள். இந்த முறை வாசலில் ஆள் நிறுத்த வேண்டாம், கதவைத் திறந்தே வையுங்கள்.