முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடிய ஒட்டு

எனது எழுத்து மேசையில், தாள்கள் பறக்காதிருப்பதற்காக வைத்திருக்கும் இரும்புத் துண்டு ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் நண்பர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஷெல் துண்டா என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளன் ஒருவனின் மேசையில் வேறு என்ன இருக்கும் என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை. அது ஷெல் துண்டு அல்ல. 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரை எனது மொறிஸ் மைனர் காரின் இடப்பக்க முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மூட்டு. கராஜ்களில் அதை ரை றொட் எண்ட் என்பார்கள்.

கார் 1959 ஆம் ஆண்டுக்குரியது. 948 சீசீ இயந்திரம். தந்தையார் இரண்டாம் கையாக வாங்கியது. அதன் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' இருக்கிறது. அந்த எழுத்துக்காக 1957, 58 இல் இந்நாட்டில் என்ன நடந்தது என்பதை இவ்வலைப்பதிவின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுத்தின் மீது கோபம் இருந்தும் தந்தையார் காரை வாங்கினார். கார் அவ்வளவு நல்ல கார்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த அந்தக் கார் பதினாறு இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் முதலில் புகழ்ந்தது ஸ்ரியறிங்கைத்தான். சில்லுப்பல்லு ஒன்று பல்லுத்தண்டு ஒன்றை இடமும் வலமும் தள்ளும்; தண்டின் இரு முனைகளிலிருந்தும் செல்லும் கம்பிகள் சக்கரங்களைத் திருப்பும். கம்பியும் சக்கரத்தின் கையும் சேருமிடத்தில் பந்துக்கிண்ண மூட்டு. நமது தோள்மூட்டைப் போன்றதுதான். பந்து தேய்ந்தால் ஸ்ரியறிங்கில் ஆட்டம் வரும். மேலும் தேய்ந்து பந்து கிண்ணத்தை விட்டு வெளியேறினால், அந்தச் சக்கரம் சாரதியின் சொல் கேளாது. இதில் நடுவழி கிடையாது.

எனது காரில் ஆட்டம் இரண்டு அங்குலம் அளவுக்கு வந்துவிட்டது. மகன் கனடாவிலிருந்து வந்திருந்த சமயம். அவரை ஸ்ரியறிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, நான் கீழே படுத்து மூட்டின் மீது கையை வைத்தேன். உள்ளே 'டொக்' என்று தட்டியது. "இந்த வயதில காருக்குக் கீழ படுக்கவேணுமே? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோவன்" என்றார் மனைவி. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எழுபது வயதுக்குப் பிறகு ஒரு மனிதனுக்குத் தன்னால் இன்னும் செய்யக்கூடியவை எவை என்று பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது.

வேலை கடினமானதல்ல. சக்கரத்தைக் கழற்றி, காரை ஜக்கின் மீது விடாமல் உறுதியான தாங்கிகளின் மீது இறக்கவேண்டும். ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே தலையை வைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டு நட்டைத் தளர்த்தி, மூட்டின் அடி நட்டைக் கழற்றினாலும் அது வராது; கூம்பு வடிவமான தண்டு கண்ணுக்குள் இறுகியிருக்கும். மூட்டை அடிக்கக்கூடாது. கண்ணின் ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அண்டக்கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் சட்டென்று அடிக்கவேண்டும். ஐந்தாவது அடியில் பொத்தென்று விழுந்தது. பழையதைக் கம்பியிலிருந்து கழற்றும்போது சுற்றுகளை எண்ணினேன்: 17. புதியதையும் அதே 17 சுற்றுக்கு ஏற்றவேண்டும். அப்போதுதான் சக்கரங்களின் நோக்கு அதிகம் மாறாது. பிறகு இரண்டு தடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்து ஒப்பிட்டேன். முன்பக்கம் 3/32 அங்குலம் குறைவாக இருக்கவேண்டும் என்பது மைனரின் கணக்கு.

கதை இதுவல்ல. கழற்றிய மூட்டைத் துடைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். அதன் அடிமூடியைச் சுற்றி ஒட்டு வைத்திருந்தது. யாரோ ஒருவர் மூட்டைத் திறந்து, தேய்ந்த பந்துக்கு அடியில் வாசர் ஒன்றை வைத்து, மீண்டும் மூடி ஒட்டியிருக்கிறார். 'யாரோ' என்று ஏன் எழுதுகிறேன்? எனக்குத் தெரியும். 1992 இல் நானே காரைக் கொண்டுபோய் விட்ட பட்டறைதான்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் இல்லை, மின்கலம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ-40 களும் கேம்பிரிட்ஜ்களும் மைனர்களும் சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஊர் முழுவதும் அந்த மணம். அதே பத்தாண்டில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவரின் முயற்சியால், இதே தீவின் தெற்கில் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. எங்களுக்கோ அது வேறு கண்டம். பட்டறைக்காரர் மூட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்போதைக்கு ஒரு வழி பண்ணித் தாறன். சாமான் வந்தவுடன மாத்திப்போடுங்கோ" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்தபோது, என் தாயாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை ஊர்ந்து கடந்தது இந்த ஒட்டின் மீதுதான். ஆகவே அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் 'இப்போதைக்கு' என்றார். அந்தச் சொல்லை மறந்தவன் நான். 2002 இல் ஏ-9 பாதை திறந்தது, கொழும்பிலே பாகம் கிடைத்தது, மாற்றவில்லை. 2009 க்குப் பிறகும் மாற்றவில்லை. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். பேரப்பிள்ளைகளைக்கூட அதில் ஏற்றிக் கீரிமலைக்குப் போயிருக்கிறேன். ஆலடிச் சந்தி வளைவொன்றில் அந்த ஒட்டு விட்டிருந்தால் என்ற நினைப்பு அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அக்காலத்துக் கைவண்ணத்தைப் புகழ்ந்து நானே பல பத்திகள் எழுதியிருக்கிறேன். இன்றும் எழுதுகிறார்கள், விழாமலர்களில் அது இல்லாமல் முடிவதில்லை. புகழட்டும். மண்ணெண்ணெய்க் கார் நின்றுபோனால் தள்ளலாம். ஸ்ரியறிங்கிலும் பிரேக்கிலும் அதே கைவண்ணத்தை இன்னும் வைத்திருப்பது வீரமல்ல, சோம்பல். மைனரின் முன்பக்கத்தில் திருகுபுரியில் ஏறி நிற்கும் கீழ் மூட்டு ஒன்றுண்டு. கிறீஸ் காட்டாமல் விட்டால் புரி தேய்ந்து சக்கரம் அப்படியே படுத்துவிடும் என்பது அக்காரை வைத்திருப்போர் உலகெங்கும் அறிந்தது. அதற்கும் ஒட்டு வைத்த கார்களை நான் நமது தெருக்களில் பார்த்திருக்கிறேன்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 இல் தனியார் கார்களுக்கு அனுமதி மீண்டும் வந்தாலும் வரி பலருக்கு எட்டாதது. ஆகவே இவை இன்னும் நெடுங்காலம் ஓடும். ஆண்டுதோறும் அனுமதிப் பத்திரம் எடுக்குமுன் காரின் புகையை அளக்கிறார்கள், நல்லதுதான். முன்சக்கரத்தைப் பிடித்து ஒருதரம் அசைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதையும் அதோடு சேர்த்தால் என்ன? பிரித்தானியா நாற்பது வயது கடந்த கார்களுக்கு 2018 முதல் கட்டாயப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறதே என்று லண்டனிலுள்ள நண்பர் வாதிட்டார். விலக்கு அளித்தது சரியா என்பது ஒருபுறமிருக்க, அங்கே அக்கார்கள் பெரும்பாலும் ஞாயிறு வெயிலுக்கு வெளியே வருபவை. இங்கே அவை திருமண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகின்றன.

புலம்பெயர்ந்த உறவினர்கள் ஊருக்கு வரும்போது சொக்கலேற் கொண்டுவருகிறார்கள். பழைய கார் வைத்திருக்கும் மாமன் மச்சானுக்கு ஒரு சோடி ரை றொட் எண்ட் கொண்டுவரலாம். பெட்டியில் அதிக இடம் பிடிக்காது. மலிவானதை மட்டும் வாங்கவேண்டாம். முன்பு வாங்கிய ஒன்றின் ரப்பர் உறை பொருத்துவதற்கு முன்பே வெடித்திருந்தது.

மகன் கொண்டுவந்தது ஒன்றுதான். வலப்பக்கத்து மூட்டையும் துடைத்துப் பார்த்தேன். அதிலும் ஒட்டு இருக்கிறது. புதியது வரும்வரை காரைக் கொட்டகையில் விட்டு, திறப்பை மனைவியிடம் கொடுத்திருக்கிறேன்.