நாவடக்கம் யாருக்கு?

மனச்சிதைவு நோய்க்கு மருந்து உண்பவரின் உடல் பெருத்தால், ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று நம் சமுதாயம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையிலும் கிள்ளான் தீபாவளி விருந்திலும் இந்தக் கேலி கேட்கிறது. குற்றம் உண்மையில் அவருடைய நாக்கினுடையதா?

ஒலன்சாபின், குளோசாபின் போன்ற மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் ஏற்பிகளைத் தடுப்பதால் பசி கூடுகிறது. உண்டபின் வரும் நிறைவு குறைகிறது. நாளைய நன்மைக்காக இன்றைய ஆசையை ஒத்திவைக்கும் ஆற்றலையும் இந்நோய் பலரிடம் தளர்த்துகிறது.

வால்டர் மிஷல் 1970இல் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், தின்பண்டம் கண்ணில் படாதபோதே குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தனர். நலமாக உள்ளவருக்கே சூழல்தான் துணை. எனவே, ஏசுவதை விட்டு, முறுக்கு டின்னையும் சீனிப் பானங்களையும் மேசையிலிருந்து அகற்றுவோம். வீட்டார் அனைவரும் ஒரே உணவை உண்போம். மருந்தை நாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். எடை, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, மெட்ஃபோர்மின், மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்போம்.

கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இருதய நோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கேலிக்கு என்ன வேலை? மாணவ நண்பர்களே, நாவடக்கம் முதலில் தேவைப்படுவது நமக்குத்தான்!