ஒட்டாத பூச்சு எங்கே போகிறது?

பலாப்பழம் அறுப்பவர் முதலில் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொள்வார். பிசின் பற்றிக்கொண்டால் கத்தி ஓடாது என்பதை நம் கிராமத்தார் எவரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. இதே தொல்லை இன்று வட அமெரிக்காவில் ஒரு பெருந்தொழிலை வாட்டி வருகிறது. கஞ்சாப் பயிர்த் தொழிலே அது. அத்தொல்லைக்கு அங்கே கையாளப்படும் பரிகாரம் ஒன்றைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014-லும், கலிபோர்னியாவில் 2018-லும், கனடா தேசம் முழுவதிலும் 2018 அக்டோபர் 17 முதலும் வயது வந்தோருக்குக் கஞ்சா விற்பது சட்டபூர்வமாயிற்று. நம் நாட்டிலோ, மருத்துவம், விஞ்ஞானம் முதலிய காரியங்களுக்கு அனுமதி பெற்றாலன்றி, 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே, பயிரிடச் சொல்லி நாம் எழுதவில்லை. விளைபொருளை யந்திரத்தில் பதப்படுத்தும் எவருக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாலேயே எழுதுகிறோம்.

கஞ்சாப் பூங்கொத்தைச் சுற்றிலும் சிறு இலைகள் மூடியிருக்கும். விற்பனைக்கு அனுப்புமுன் அவற்றைக் களைந்தாக வேண்டும். முன்பு கத்தரிக்கோலால் ஆட்கள் செய்து வந்த இவ்வேலையை இப்போது பெரும் பண்ணைகளில் யந்திரம் செய்கிறது. நீள் துவாரங்களையுடைய உருளை ஒன்று சுழல்கிறது. காற்றை உறிஞ்சும் விசிறி, இலை நுனிகளைத் துவாரத்தின் வழியே வெளியே இழுக்கிறது. அங்கே சுழலும் கத்திகள் அவற்றைச் சீவி எறிகின்றன. ஆனால் பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் பிசின் நிறைந்திருக்கிறது. அது உருளையிலும் கத்தியிலும் படிந்து துவாரங்களை அடைத்துவிடுகிறது. அதைக் கரைக்க ஆல்கஹால் கொண்டு துடைக்கிறார்கள். ஒட்டாதிருக்க எண்ணெய் தெளிப்பவரும் உண்டு.

இதற்குப் பரிகாரமாக வந்ததே ஒட்டாப் பூச்சு. டெப்லான் என்ற பெயரால் உலகறிந்த இப்பொருளை 1938-இல் டூபாண்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் என்ற ரசாயன நிபுணர் தற்செயலாகக் கண்டார். தோசைக்கல்லிலும் வாணலியிலும் பூசப்படுவதும் இதுவே. இதை உருளையிலும் கத்தியிலும் பூசினால் பிசின் எளிதில் பற்றுவதில்லை. யந்திரம் நின்று நின்று ஓடுவது குறைகிறது, எண்ணெயும் மிச்சம். இந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எந்தப் பூச்சும் தேயும். தேய்ந்தது எங்கே போகிறது? வாணலியிலிருந்து உதிர்ந்த துகள் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மாறுதலின்றி வெளியேறிவிடும். ‘உணவுக்கு உகந்தது’ என்னும் நற்சான்று இதைக் கருதியே தரப்படுகிறது. கஞ்சாப் பூவைப் பலர் உண்பதில்லை; கொளுத்திப் புகையை உள்ளிழுக்கிறார்கள். டெப்லான் 260 பாகை சென்டிகிரேடு வரை தாங்கும். 350 பாகையைத் தாண்டினால் சிதைந்து நச்சாவி விடும். இழுக்கப்படும் சிகரெட்டின் கனலோ 800 பாகையையும் கடக்கும். இப்பொருளின் தூள் படிந்த சிகரெட்டைப் புகைத்த தொழிலாளருக்குச் சில மணி நேரத்தில் குளிர்சுரமும் மார்பு இறுக்கமும் கண்டதை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே, அடுப்பங்கரைக்குக் கொடுத்த நற்சான்றைப் புகைக்கும் பொருளுக்கும் செல்லுபடியாக்குவது நியாயமன்று.

பூச்சைத் தயாரிக்கும் இடத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. அத்தயாரிப்பில் பல்லாண்டுகள் உபயோகிக்கப்பட்ட பி.எப்.ஓ.ஏ. என்னும் ரசாயனம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023-இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர்கள் 2015-க்குள் அதைக் கைவிட்டனர். ஆனால் மண்ணிலும் நீரிலும் கலந்துவிட்டது எளிதில் அழிவதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பூ உரசாத வெளி மூடிகளிலும் கழிவிலை செல்லும் குழாய்களிலும் பூச்சு இருப்பதில் பெரிய ஆட்சேபம் இல்லை. கத்தி உரசும் இடத்திலும் பூ புரளும் உருளையிலும் நன்கு மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகே நல்லது என்பது நமது கருத்து. குளிர்ந்தால் பிசின் இறுகி, ஒட்டும் தன்மையை இழக்கும். ஆதலால் அறையைக் குளிர்ச்சியாக வைத்து, யந்திரத்தை அடிக்கடி நிறுத்தித் துடைத்தால் தொல்லை பெரிதும் குறையும். இதற்கு நேரமும் கூலியும் கூடுதலாகும், உண்மையே. அந்தச் செலவை மிச்சப்படுத்தி, அதன் விலையை வாங்குகிறவரின் நுரையீரலில் வசூலிப்பது வியாபார தர்மம் ஆகாது.

பூச்சு வேண்டுமென்றே தீர்மானிப்போர், அது என்ன பொருள், எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பின் தேயும், மறுபூச்சு எப்போது என்ற மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தனி விவசாயி கேட்டால் பதில் வராமல் போகலாம். நூறு பேர் சங்கமாகச் சேர்ந்து, பதில் வந்த பின்பே பணம் என்றால், பதில் வராமல் போகாது. கூட்டுறவின் பலம் விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. உண்மையைக் கேட்டுப் பெறுவதற்கும் ஏற்பட்டது.

பாவில் கஞ்சி ஏற்றுகிறவருக்கும், மஞ்சளை உருளையில் மெருகேற்றுகிறவருக்கும் இது பொருந்தும். யந்திரம் வாங்கும்போது ‘வேலை சுலபமாகுமா?’ என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், ‘இதிலிருந்து தேய்வது யாரிடம் போய்ச் சேரும்?’ என்றும் கேட்கும்படி அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.