சாலமாண்டரைக் காக்கப் பூங்கா மட்டும் போதுமா?

புது தில்லி: புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைக்காத உயிரினம் ஒன்று டார்ஜீலிங் மலைகளில் அழிவை எதிர்நோக்கியுள்ளது. தவளை இனத்தைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும், ஆனால் வால் உடைய இமயமலை சாலமாண்டர்தான் அது. இந்தியாவில் சாலமாண்டர் இனங்கள் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டுமே உள்ளன.

டார்ஜீலிங்கில் 1958-ல் தொடங்கப்பட்ட பத்மஜா நாயுடு உயிரியல் பூங்கா, பனிச்சிறுத்தை, செம்பாண்டா ஆகியவற்றுடன் சாலமாண்டரையும் இனப்பெருக்கம் செய்யும் பணியில் ஈடுபட்டுள்ளது. அங்கு பிறந்த இரு செம்பாண்டாக்கள் 2003-ல் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. சாலமாண்டருக்கும் அதே வழி கைகொடுக்குமா என்பதே கேள்வி.

செம்பாண்டாவுக்குக் காடு உண்டு. சாலமாண்டருக்குத் தேவை சிறு குளம். குளிர்காலத்தில் மண்ணுக்கடியிலும் கற்களின் இடுக்கிலும் ஒடுங்கிக் கிடக்கும் அது, மழை தொடங்கியதும் குளத்துக்குத் திரும்பி முட்டையிடுகிறது. கட்டுமானத்துக்காகக் குளம் தூர்க்கப்பட்டாலோ, பூச்சிக்கொல்லி கலந்தாலோ, வளர்ப்பு மீன்கள் விடப்பட்டாலோ அடுத்த தலைமுறைக்கு இடமில்லை. இதற்கென 1985-ல் அறிவிக்கப்பட்ட ஜோர்போக்ரி சரணாலயத்தின் பரப்பு 0.04 சதுர கி.மீ., அதாவது சுமார் 10 ஏக்கர் மட்டுமே.

தான்சானியாவின் கிஹான்சி தேரை இதற்கு ஓர் எச்சரிக்கை. நீர்மின் திட்டத்துக்காக 2000-ல் அருவி நீர் திருப்பப்பட்டதால் இயற்கையில் அது அற்றுப்போனது. முன்கூட்டியே அமெரிக்கப் பூங்காக்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தேரைகளின் வழித்தோன்றல்கள் 2012 முதல் தாயகத்தில் விடப்பட்டன. அதற்கு முன் பள்ளத்தாக்கில் செயற்கைச் சாரல் அமைக்க வேண்டியிருந்தது. இனத்தைப் பூங்கா காப்பாற்றியது. வாழிடத்தைத் தனியே மீட்க நேர்ந்தது.

2023-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, நீரிலும் நிலத்திலும் வாழும் இத்தகைய இனங்களில் சுமார் 41 சதவீதம் அழிவு அபாயத்தில் உள்ளன. இந்தியாவில் உயிரியல் பூங்காக்களை ஒழுங்குபடுத்துவது மத்திய ஆணையம். ஈரநிலங்களை அடையாளம் கண்டு அறிவிக்கும் பொறுப்போ, 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி பெரிதும் மாநிலங்களிடம் உள்ளது. கிராமத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உள்ள சிறு குளங்கள் இந்த இரண்டுக்கும் இடையில் கவனிப்பாரற்றுப் போகின்றன.

பூங்காவில் இனப்பெருக்கம் செய்வது கால அவகாசம் பெறும் முயற்சியே. அந்த அவகாசத்துக்குள் குளங்களைக் கணக்கெடுத்து, உள்ளூர் மக்களின் பொறுப்பில் அவற்றைப் பாதுகாக்காவிடில், தொட்டியில் பெருகும் சாலமாண்டருக்குத் திரும்பிச் செல்ல இடமிருக்காது.